பழைய காரோனி ரம்மில் கார்க் உதிர்ந்துவிட்டது, எதில் வடிகட்டலாம்?

வணக்கம். ரம் பாட்டிலின் கார்க் கழுத்துக்குள்ளேயே உடைந்து, பாதி உள்ளே விழுந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பாட்டில்: வெலியர் என்ற இத்தாலிய நிறுவனம் வெளியிட்ட காரோனி, குறைந்த எண்ணிக்கையில் வந்த பதிப்பு. 1996-இல் வடித்தது, 20 வருடம் முதிர்ந்தது, 100 இம்பீரியல் புரூஃப், அதாவது ஆல்கஹால் 57 சதவீதத்துக்குச் சற்று மேல். சித்தப்பா கொடுத்தது. அவர் வீட்டு அலமாரியில் சில வருடமாகப் படுக்கை வாட்டில் கிடந்திருக்கிறது. இவ்வளவு காட்டமான சரக்கு கார்க்கை அரித்துவிடும். போன சனிக்கிழமை லண்டனில் என் வீட்டில் திறந்தபோது இப்படி ஆனது.

காரோனி என்பது டிரினிடாடில் 1918-இல் தொடங்கிய ரம் ஆலை. 2000-களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். 2004-இல் வெலியரின் தலைவர் லூக்கா கர்கானோ அங்கே போய்க் கைவிடப்பட்டுக் கிடந்த பீப்பாய்களைக் கண்டுபிடித்தார். இனி யாரும் அதை வடிக்கப் போவதில்லை. தாரும் பெட்ரோலும் கலந்த அந்த முரட்டு வாசம்தான் காரோனி. அது போய்விட்டால் இந்தப் பாட்டிலில் எனக்கு ஒன்றுமில்லை.

இரட்டைத் தகடு ஓப்பனரால் இழுத்துப் பார்த்தேன், கார்க் இன்னும் பொடிந்தது. டீ வடிகட்டியில் கொஞ்சம் ஊற்றினேன். பெரிய துண்டுகள் நின்றன, பழுப்புத் தூள் கிளாஸின் அடியில் தங்கிவிட்டது. காபி பில்டர் தாளில் ஒரு பெக் அளவு விட்டேன். தெளிந்தது, ஆனால் வாசம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. மீதியைத் தொடவில்லை. பாட்டில் நிமிர்ந்தே நிற்கிறது.

மணமும் எண்ணெய்ப் பசையும் போகாமல் இந்தத் தூளை எதில் வடிகட்டி எடுக்கலாம்?