வால்வுக் 'கசிவு' போதுமா? 'பின்னொழுக்கு' என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இதய வால்வு சரியாக மூடாமல் இரத்தம் பின்னால் திரும்புவதை ஆங்கிலத்தில் 'regurgitation' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'கசிவு' போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. போன மாதம் பெரியம்மாவுக்கு எக்கோ (இதய ஸ்கான்) பார்த்துவிட்டு, "வால்வில கசிவு இருக்குது" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நெஞ்சுக்குள் இரத்தம் சொட்டுகிறதாக்கும் என்று அவர் மூன்று நாள் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. குனிந்தால் இன்னும் சொட்டும் என்ற பயம்.

உண்மையில் ஒரு துளியும் வெளியே போவதில்லை. இதயத்தின் கீழறையான இடது இதயவறை சுருங்கும்போது இரத்தம் பெருநாடிக்குள் போகவேண்டும். அதற்கும் மேலறையான சோணையறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வு (mitral valve) சரியாக மூடாவிட்டால் அந்த இரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே சோணையறைக்குத் திரும்பிவிடுகிறது. ஆகவே சொல்லில் திசை வேண்டும். 'எதுக்களிப்பு' என்றால் எல்லோருக்கும் நெஞ்செரிவுதான் நினைவுக்கு வரும். 'பின்னோட்டம்' திசையைச் சொல்கிறது, பழுதைச் சொல்லவில்லை. 'ஒழுக்கு' என்றாலே அடைபட்டிருக்கவேண்டிய ஒன்று அடைபடவில்லை என்று எங்கள் ஊரில் விளங்கும். அதனால் 'பின்னொழுக்கு'.

சரி, ஏன் மூடவில்லை? வாசலில் இருக்கும் இரட்டைப் படலையை (இரட்டைக் கதவை) நினைத்துப் பாருங்கள். சாத்தும்போது இரண்டு கதவின் விளிம்பும் நடுவில் ஒன்றோடொன்று நன்றாகப் படியவேண்டும். வால்வின் இரண்டு இதழ்களும் அப்படித்தான். இந்தப் படிவுக்கு 'இதழ்ப்பொருத்து' என்பேன். இதயவறை வீங்கி வால்வின் வளையம் விரிந்தால், கப்புகள் (தாங்கும் தூண்கள்) விலகிய படலைபோல இதழ்கள் நன்றாயிருந்தும் நடுவில் நீக்கல் விழும். வாதக்காய்ச்சல் (rheumatic fever) வந்துபோன இதழோ தடித்துச் சுருங்கிவிடும். இன்னொன்று, இதழைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் நாண் அறுவது. அப்போது இதழ் எல்லை தாண்டிச் சோணையறைப் பக்கம் புரளும். 'வளையவிரிவுப் பின்னொழுக்கு', 'நாணறு பின்னொழுக்கு' என்று காரணத்தையும் முன்னால் சேர்த்தால், வளையத்தை இறுக்குவதா நாணைச் சீராக்குவதா என்ற பேச்சும் தமிழிலேயே தொடரும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்துகொண்டு இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

படலைக் கதையைப் பெரியம்மாவுக்கும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்குக் கப்பு விலகினதோ, கதவு சுருங்கினதோ?" என்று கேட்டார். அடுத்த கிளினிக்கில் அதையே கேட்கப்போகிறார்.

'வளையம்' சரிதானா, வேறு நல்ல சொல் உண்டா? எழுதுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து