மெஷின்ல ஊத மாட்டேன்னு சொல்லிட்டா கேஸ் நிக்காதா?

நைட்ஷிப்ட்:
வணக்கம் மக்களே. எங்க பிரெண்ட்ஸ் குரூப்ல ஒருத்தன் இருக்கான், எதுக்கெடுத்தாலும் சட்டம் பேசுவான். போலீஸ் நிறுத்தி ஊதச் சொன்னா ஊதாதே, ஊதினாத்தான் நம்பர் வரும், நம்பர் வந்தாத்தான் கேஸ், நம்பரே இல்லேன்னா கோர்ட்ல எதை வெச்சு நிரூபிப்பாங்கன்னு கேக்கறான். கேக்கறப்ப சரியாத்தான் படுது. இன்னொருத்தன் என்னடான்னா தள்ளாடாம நின்னு தெளிவா பதில் சொன்னா ஒண்ணும் பண்ண முடியாதுங்கறான். குரூப்ல ஆளாளுக்கு ஒரு நாட்டுல இருக்கானுங்க, ஒருத்தன் லிமிட் 30ங்கறான், ஒருத்தன் 80ங்கறான், ஒருத்தன் 0.05ங்கறான், இது என்ன கணக்குன்னே பிடிபடல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். குடிச்சுட்டு ஓட்டாதேன்னு அட்வைஸ் மட்டும் வேண்டாம், அது வீட்டுலயே நிறைய கிடைக்குது.

ஓரமாநில்லு:
அந்த சட்டம் பேசுற பிரெண்டுக்கு முதல்ல லைசென்ஸ் இருக்கான்னு செக் பண்ணுங்க ப்ரோ 😂

கறுப்புகோட்டு:
நண்பரே, உங்க பிரெண்ட் சொன்னத நம்பி நிறைய பேர் மாட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஊத மறுக்கறவனுக்கு லாபம் கிடைச்சா எல்லாரும் மறுப்பாங்கங்கறது சட்டம் எழுதறவங்களுக்கு தெரியாதா என்ன. அதனால பல நாடுகள்ல மறுக்கறதையே தனி குற்றமா வெச்சிருக்காங்க. நல்ல உதாரணம் கனடா. அங்க முதல் தடவை மாட்டினா குறைஞ்சபட்ச பைன் 1000 டாலர், 100 மில்லி ரத்தத்துல ஆல்கஹால் 120 மில்லிகிராம் தாண்டினா 1500, 160 தாண்டினா 2000. ஊத மறுத்தா எவ்ளோ தெரியுமா? நேரா 2000. அதாவது ஊதாதவன முழு போதைல இருந்தவன் கணக்குல சேர்த்துடறாங்க. ரெண்டு பெக் போட்டவன் உங்க பிரெண்ட் பேச்சைக் கேட்டு மறுத்தான்னா 1000ல முடிஞ்சிருக்க வேண்டியத இவனே டபுள் ஆக்கிக்கறான், அவ்ளோதான்.

இங்கிலாந்துலயும் ஸ்டேஷன்ல சாம்பிள் குடுக்க காரணமில்லாம மறுத்தா குறைஞ்சது 12 மாசம் லைசென்ஸ் போயிடும், குடிச்சுட்டு ஓட்டினதுக்கும் அதே 12 மாசம்தான். 10 வருஷத்துக்குள்ள ரெண்டாவது தடவைன்னா 3 வருஷம். இந்தியால கொஞ்சம் வேற மாதிரி, மோட்டார் வாகனச் சட்டம் 205வது பிரிவு படி நியாயமான காரணம் இல்லாம மறுத்தா அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியத்துக்கு வலு சேர்க்கற விஷயமா கோர்ட் எடுத்துக்கலாம். 185வது பிரிவுல 2019 செப்டம்பர்லேர்ந்து முதல் தடவைக்கே 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா 10,000 ரூபா பைன் இல்ல ரெண்டும், மறுபடி மாட்டினா 2 வருஷம் வரைக்கும், 15,000. அதுக்கு முன்னாடி முதல் தடவை பைன் 2000 வரைக்கும்தான் இருந்துச்சு.

இந்த ஊதாதே வைத்தியம் எங்கேர்ந்து கிளம்புதுன்னா அமெரிக்காலேர்ந்துன்னு நினைக்கறேன். அங்க 2016ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல ரத்தம் எடுக்க வாரண்ட் வேணும்னு சொல்லுச்சு. அந்த வரிய மட்டும் படிச்சுட்டு சுத்தறாங்க. கைது பண்ணினப்புறம் மூச்சு டெஸ்ட்டுக்கு வாரண்ட் தேவையில்லைன்னும் அதே தீர்ப்புலதான் இருக்கு. அது போக, லைசென்ஸ் வாங்கி ரோட்டுல ஓட்டினாலே டெஸ்ட்டுக்கு சம்மதிச்சதா அர்த்தம்னு அங்க மாநிலங்கள்ல சட்டம் இருக்கு, மறுத்தா கேஸ் ஜெயிக்குதோ தோக்குதோ லைசென்ஸ் தனியா சஸ்பெண்ட் ஆகும்.

அப்புறம் தள்ளாடாம நிக்கறது. அது அந்தக் காலம். 1897ல லண்டன்ல ஜார்ஜ் ஸ்மித்ங்கற டாக்ஸி டிரைவர் வண்டிய ஒரு கட்டடத்துல விட்டு மாட்டினார், அப்போ மெஷினும் கிடையாது நம்பரும் கிடையாது, அவரே ஒத்துக்கிட்டார், 25 ஷில்லிங் பைன். அதுக்கப்புறம் ரொம்ப வருஷம் டாக்டர் பாத்து சொல்றது, கோடு போட்டு நடக்க விடறதுன்னுதான் ஓடுச்சு, வக்கீலுங்களுக்கு நல்ல வருமானம். நார்வே 1936ல ரத்தத்துல இவ்ளோ இருந்தாலே குற்றம்னு கொண்டு வந்தாங்க, இங்கிலாந்து 1967ல. இப்ப நீங்க கயித்து மேல நடந்து காட்டினாலும் நம்பர் தாண்டிருந்தா குற்றம் குற்றம்தான். இதுல இன்னொரு பக்கம், பல நாடுகள்ல நம்பர் லிமிட்டுக்கு கீழ இருந்தும் ஓட்டம் மோசமா இருந்தா அதுக்கும் கேஸ் போட வழி இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

லேப்காரன்:
நம்பர் குழப்பத்த நான் சொல்றேன். எல்லாம் ஒரே விஷயம்தான், 100 மில்லி ரத்தத்துல எத்தனை மில்லிகிராம் ஆல்கஹால்ங்கறதுதான் கணக்கு. 80 மில்லிகிராம்னா சதவீதத்துல 0.08, 50ன்னா 0.05. ஐரோப்பால 0.5, 0.8னு ஆயிரத்துக்கு எவ்ளோன்னு எழுதுவாங்க, அதைப் பாத்துட்டு நம்மாளுங்க ஐயோ பத்து மடங்கு அலோ பண்றாங்கன்னு சந்தோஷப்படுவாங்க. இந்தியா 30, ஸ்வீடன் நார்வே 20, ஆஸ்திரேலியா 50, இங்கிலாந்து 80 ஆனா ஸ்காட்லாந்து 2014 டிசம்பர்லேர்ந்து 50. அமெரிக்கால பொதுவா 80, யூட்டா மாநிலம் மட்டும் 50. மலேசியா 2020ல 80லேர்ந்து 50க்கு இறக்கிட்டாங்க.

மெஷின் நேரா ரத்தத்த அளக்கறதில்ல. நுரையீரல்ல ரத்தத்துலேர்ந்து ஆல்கஹால் காத்துக்கு வருது, அந்த விகிதம் கிட்டத்தட்ட 2100க்கு 1னு வெச்சு கணக்கு போடுவாங்க. அதான் நல்லா மூச்ச இழுத்து நீளமா ஊதுங்க ஊதுங்கன்னு போலீஸ் சொல்றது, கடைசியா வர்ற காத்துதான் நுரையீரல் அடியிலேர்ந்து வர்றது. கைல வெச்சிருக்கற மெஷின் நிறையத்துல பிளாட்டினம் தகடு மேல ஆல்கஹால் பட்டு சின்னதா கரண்ட் வரும், கரண்ட் எவ்ளோவோ நம்பர் அவ்ளோ. இதுல மிட்டாய் பாக்கு எதைப் போட்டாலும் போலீஸ்காரர் மூக்கத்தான் ஏமாத்தலாம், மெஷினுக்கு வாசனையே தெரியாது. மவுத்வாஷ் போட்டா இன்னும் மோசம், அதுலயே ஆல்கஹால் இருக்கறது உண்டு, வாய்ல மிச்சம் இருக்கறதால நம்பர் எகிறும். அதனாலதான் முறைப்படி 15 நிமிஷம் விட்டு டெஸ்ட் எடுக்கணும்ங்கறது.

நீங்க கேக்கல ஆனா உங்கள மாதிரி எப்பவாவது குடிக்கறவங்க மாட்டறது பெரும்பாலும் ராத்திரி இல்ல, மறுநாள் காலைல. கல்லீரல் சராசரியா மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்குத்தான் குறைக்கும், ஆளுக்கு ஆள் மாறும். ராத்திரி 1 மணிக்கு 150 இருந்துச்சுன்னு வைங்க, நல்லா தூங்கி காலைல 7 மணிக்கு எழுந்தா 6 மணி நேரத்துக்கு 90 போக இன்னும் 60 மிச்சம். குளிச்சாச்சு, காபி குடிச்சாச்சு, தலைவலி கூட இல்ல. அந்த 60ஓட இங்கிலாந்துல ஓட்டினா லிமிட்டுக்குள்ள, அப்படியே பார்டர் தாண்டி ஸ்காட்லாந்துக்குள்ள நுழைஞ்சா குற்றவாளி, வண்டியும் அதே ஆளும் அதே. காபியும் குளியலும் தூக்கத்த கலைக்கும், கல்லீரல அவசரப்படுத்தாது.

இன்னொண்ணு, கடைசி கிளாஸ வெச்சதும் நம்பர் இறங்க ஆரம்பிக்காது, வயித்துல இருக்கறது ரத்தத்துல ஏற அரை மணி ஒரு மணி நேரம் ஆகும், வயிறு நிறைய சாப்ட்டிருந்தா இன்னும் கூட. சீக்கிரம் கிளம்பிடறேன்னு ஓடறவனுக்கு நடு ரோட்டுல போய்க்கிட்டு இருக்கும்போதுதான் உச்சத்துக்கு போகும்.

நைட்ஷிப்ட்:
அடேங்கப்பா, செம்ம விளக்கம் ரெண்டு பேருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு டவுட். ஓட்டாம வண்டியிலயே ஏசி போட்டு தூங்கிட்டா தப்பிச்சுக்கலாமா? அப்புறம் ஓட்டறவன் மட்டும்தான் மாட்டுவானா, கூட உக்காந்திருக்கறவங்களுக்கு எதுவும் இல்லையே?

டோக்கியோதம்பி:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் அண்ணா, ஜப்பான்ல இருந்தா கூட உக்காந்திருக்கறவனுக்கும் உண்டு. 2007ல சட்டத்த மாத்தினாங்க, ஓட்டறவன் குடிச்சிருக்கான்னு தெரிஞ்சும் என்னையும் ஏத்திக்கோன்னு கேட்டு ஏறினவன், வண்டி ஓட்டப் போறான்னு தெரிஞ்சும் ஊத்திக் குடுத்தவன், வண்டிய இரவல் குடுத்தவன் எல்லாரையும் உள்ள இழுக்கலாம். வண்டி குடுத்தவனுக்கு ஓட்டினவனுக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. அதனால இங்க ஆபீஸ் பார்ட்டிக்குப் போனா நீங்க எதுல வந்தீங்கன்னு பக்கத்துல உக்காந்தவனே கேட்டுடுவான், அக்கறையும் இருக்கு பயமும் இருக்கு. 2024 நவம்பர்லேர்ந்து சைக்கிளுக்கும் இறுக்கிட்டாங்க, தள்ளாடாட்டியும் மூச்சுல லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் இருந்தா சைக்கிள் ஓட்டினவனுக்கும் தண்டனை. சைக்கிள்ல போய்க்கலாம்னு நினைச்ச பசங்க எல்லாம் இப்ப கடைசி ரயிலுக்கு ஓடறாங்க.

கறுப்புகோட்டு:
வண்டில தூங்கற விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்துல ஓட்டலேன்னாலும் வண்டி உங்க பொறுப்புல இருந்தாலே தனி குற்றம், 3 மாசம் வரைக்கும் ஜெயில், லைசென்ஸ்ல 10 பெனால்டி பாயிண்ட். லிமிட்டுக்கு மேல இருக்கற வரைக்கும் நான் ஓட்டியிருக்கவே மாட்டேன்னு நீங்கதான் நிரூபிக்கணும். சாவி பாக்கெட்ல, இன்ஜின் ஓடுது, ஏசி ஜில்லுனு இருக்கு, டிரைவர் சீட்ட சாய்ச்சு படுத்திருக்கீங்கன்னா அதை நம்ப வைக்கறது கஷ்டம். கனடாலயும் ஓட்டினியாங்கறது மட்டும் கேள்வி இல்ல, வண்டி உன் கட்டுப்பாட்டுல இருந்துச்சாங்கறதும் கேள்விதான். அங்க இன்னொரு பழைய டிரிக்கையும் அடைச்சுட்டாங்க, வீட்டுக்கு வந்தப்புறம்தான் குடிச்சேன்னு கதை விடுவாங்கல்ல, இப்ப ஓட்டி முடிச்ச 2 மணி நேரத்துக்குள்ள அளவு 80ஐ தொட்டிருந்தாலே குற்றம்னு எழுதிட்டாங்க, போலீஸ் டெஸ்ட் எடுப்பாங்கன்னு எதிர்பார்க்க காரணமே இல்லாம அப்புறமா குடிச்சிருந்தா மட்டும் விதிவிலக்கு.

வெளிநாட்டுல இருக்கற உங்க குரூப் ஆளுங்களுக்கு நான் முக்கியமா சொல்ல நினைக்கறது வேற. பைன் தொகைய பாத்து இவ்ளோதானேன்னு நினைக்காதீங்க. கனடால 2018 டிசம்பர்ல இதோட அதிகபட்ச தண்டனைய 10 வருஷமா ஏத்தினாங்க. நீங்க கட்டறது 1000 டாலர்தான், ஆனா 10 வருஷம் வரைக்கும் குடுக்கக்கூடிய குற்றம்ங்கறதால குடியேற்றச் சட்டத்துல அது தீவிரக் குற்றம் ஆகிடுது, குடியுரிமை வாங்காம பிஆர்ல (நிரந்தரமா தங்கற அனுமதில) இருக்கறவங்களுக்கு அந்த ஸ்டேட்டஸுக்கே ஆபத்து. கோர்ட்டுக்குப் போய் பத்து நிமிஷத்துல ஒத்துக்கிட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி குடியேற்ற வக்கீல் ஒருத்தர்கிட்டயும் கேட்டுடணும். இன்சூரன்ஸ்லயும் போதைல ஓட்டினா உங்க வண்டி சேதத்துக்கு காசு கிடையாதுன்னு பெரும்பாலான பாலிசில ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்க.

ஓரமாநில்லு:
லாத்வியால ஆயிரத்துக்கு 1.5க்கு மேல, அதாவது நம்ம கணக்குல 150க்கு மேல இருந்தா வண்டியவே புடுங்கிக்கறாங்க, 2023ல அப்படி புடுங்கின கார்கள உக்ரைனுக்கு அனுப்பி வெச்சாங்க. பைன் கட்டறதாச்சும் பரவால்ல, நம்ம கார் யுத்தத்துக்கு போனா எப்படி இருக்கும் 😂 அது இருக்கட்டும், ஆன்லைன்ல சின்ன ஊதற மெஷின் விக்கறாங்களே, அதை வாங்கி வீட்டுலயே செக் பண்ணிட்டு கிளம்பலாமா?

லேப்காரன்:
வாங்கலாம், ஆனா விலை கம்மியா கிடைக்கறது நிறைய செமிகண்டக்டர் சென்சார் வெச்சது, ஆல்கஹால் இல்லாத வேற சில ஆவிக்கும் நம்பர் காட்டும். பியூயல் செல்னு போட்டிருக்கறத எடுங்க, நான் முன்னாடி சொன்ன பிளாட்டினம் தகடு வகைதான் அது. அதுலயும் நாளாக நாளாக நம்பர் தப்பா காட்ட ஆரம்பிச்சுடும், எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கேலிபரேஷன் பண்ணணும்னு, அதாவது அளவ சரி பாத்து திருத்தணும்னு பெட்டிலயே எழுதிருப்பாங்க. கடைசி வாய் குடிச்சு 15 நிமிஷம் கழிச்சுதான் ஊதணும். ஒரு தடவை ஊதிட்டு நிறுத்தாம அரை மணி கழிச்சு மறுபடி ஊதிப் பாருங்க, ஏறுதா இறங்குதான்னு தெரியும். ஏறிக்கிட்டு இருந்தா இப்ப காட்டற நம்பருக்கு மதிப்பே கிடையாது. என் மெஷின் 25 காட்டுச்சு சார்னு ரோட்டுல நின்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அவங்க மெஷின் காட்டறதுதான் கணக்கு.