ஃபாக்ஸ் பாடி மஸ்டாங்: ரோட்டுக்கும் கால் மைலுக்கும் ஒரே கிளட்ச், பிரித்துப் பார்த்தவர்களின் அனுபவம்

கால்மைல்:

வண்டி 1990 ஃபோர்டு மஸ்டாங் 5.0, ஃபாக்ஸ் பாடி என்று சொல்லப்படும் பழைய தலைமுறை. உள்ளே 347 ஸ்ட்ரோக்கர், அதாவது கம்பெனி 302-ஐ (5.0) 347 கன இஞ்ச்சாகப் பெரிதாக்கிய எஞ்சின், டார்க் 420 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 570 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் டி-5 இசட் ஸ்பெக், முதல் கியர் 2.95. ஆக்சில் விகிதம் 3.73. பின்னால் 26 இஞ்ச் உயர டிராக் ரேடியல், பந்தயத்துக்கான ஒட்டும் டயர். ஓட்டுபவரோடு எடை 1,500 கிலோ. வாரம் முழுக்க டிராஃபிக்கில் ஓடும், சனிக்கிழமை கால் மைல் பந்தயம் ஓட ஸ்ட்ரிப்புக்குப் போகும். இந்த மாதிரி வண்டியில் எந்த கிளட்ச் தாங்கியது, எது போனது, எதனால் போனது என்று பிரித்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

மூணாம்கியர்:

முதலில் 'ஸ்டேஜ் 3', 'ஸ்டேஜ் 4' பெயர்களை ஒதுக்கி வையுங்கள். அவை ஒவ்வொரு கம்பெனியும் தானே வைத்துக்கொண்ட பெயர்கள், பொது அளவு கிடையாது. அட்டையில் போடும் குதிரைத்திறனும் உதவாது. கிளட்ச் பிடிப்பது டார்க்கை. அதனால் விற்பவரிடம் நாலு விஷயம் கேளுங்கள்: கிளாம்ப் லோடு (பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் விசை) எவ்வளவு, லைனிங் (பிளேட்டின் உராயும் பூச்சு) என்ன, அதன் உள்விட்டமும் வெளிவிட்டமும் என்ன, உராயும் முகங்கள் எத்தனை. இந்த நாலையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். 10.5 இஞ்ச் பிளேட்டில் சராசரி ஆரம் சுமார் 108 மி.மீ. கிளாம்ப் லோடு 1,090 கிலோ என்று வைத்தால் 10,690 நியூட்டன். ஒரு பிளேட்டுக்கு முகம் இரண்டு. ஆர்கானிக் லைனிங்கின் உராய்வுக் குணகம் 0.3. பெருக்கினால் சுமார் 690 நியூட்டன் மீட்டர். உங்கள் 570-ஐ விட 20 சதவீதம் அதிகம், காகிதத்தில் போதும்.

ஆனால் அந்த 0.3 லைனிங் சூடேறாத வரைக்கும்தான். சூட்டில் அது 0.22-க்கு இறங்கினால் அதே கிளட்ச் பிடிப்பது 508 மட்டும். இதனால்தான் ரோட்டில் ஒரு குறையும் காட்டாத கிளட்ச், ஸ்ட்ரிப்பில் மூன்றாவது ஓட்டத்தில் நாலாம் கியர் போட்டதும் ஸ்லிப் ஆகிறது. கிளட்ச் வலு இல்லாததல்ல, சூடு ஆறாததுதான் காரணம்.

அந்தச் சூடு எவ்வளவு என்பதற்கும் கணக்கு உண்டு. ஆர்பிஎம் மாறாமல் வைத்துக் கிளட்சை நழுவவிட்டு வண்டியைக் கிளப்பினால், வண்டி எவ்வளவு இயக்க ஆற்றல் பெறுகிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாக இறங்கும். 4,500 ஆர்பிஎம்மில் கிளம்பினால், 2.95 முதல் கியர், 3.73 ஆக்சில், 26 இஞ்ச் டயரோடு கிளட்ச் முழுசாகப் பிடிக்கும் வேகம் மணிக்கு 51 கி.மீ. 1,500 கிலோவுக்கு அது ஏறத்தாழ 150 கிலோஜூல். பழைய டி-5-இன் 3.35 முதல் கியரும் 2.73 ஆக்சிலும் உள்ள வண்டி என்றால் பிடிக்கும் வேகம் 61 கி.மீ., வெப்பம் 215 கிலோஜூலைத் தாண்டும். ஒவ்வொரு லான்ச்சிலும், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், 40 சதவீதத்துக்கு மேல் அதிகச் சூடு. கிளட்ச் எரிகிறது என்று மூன்று தடவை கிளட்ச் மாற்றுகிறவர்கள் பலருக்குத் தேவைப்படுவது 3.73 அல்லது 4.10 கிரவுன் பினியன், அதாவது ஆக்சில் கியர்தான். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இரும்புத்தூள்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. லைனிங்கைப் பிரித்துப் பார்க்கும்போது தெரிவதை நான் சொல்கிறேன்.

ஆர்கானிக்: டிராஃபிக்குக்கு இதைப் போல மென்மை வேறெதிலும் இல்லை. எரிந்துபோனதைக் கழற்றினால் முகம் கறுத்து, ரிவெட்டைச் சுற்றி வெடிப்பு இருக்கும். லேசாக எரிந்தது ஆறினபிறகு ஓரளவு மீளும். கெவ்லார் அப்படி மீளாது. ரோட்டில் ரொம்ப நாள் உழைக்கும், ஃப்ளைவீலை (பிளேட் உராயும் எஞ்சின் சக்கரம்) தின்னாது, ஆனால் ஒரு தடவை மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கிவிட்டால் அதோடு முடிந்தது. செட் ஆவதற்கு முன்பே ஸ்ட்ரிப்புக்குக் கொண்டுபோன கெவ்லார் பிளேட்டுகள் தடிமன் அப்படியே இருக்க, பிடிப்பு மட்டும் போய் வரும். ஸ்ட்ரிப்புக்குப் போகிற வண்டிக்கு கெவ்லார் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

செராமெட்டாலிக் பக் பிளேட், அதாவது நாலு அல்லது ஆறு கட்டிகள் வைத்தது: குணகம் 0.35 முதல் 0.4 வரை, சூட்டிலும் அவ்வளவாக இறங்காது. அதே 1,090 கிலோ லோடில், அதே ஆரத்தில், 0.4 என்றால் 920 நியூட்டன் மீட்டர் பிடிக்கும். குறை என்னவென்றால், பெரும்பாலான பக் பிளேட்டில் லைனிங்குக்கு நடுவே அலை வடிவ ஸ்பிரிங் தகடு கிடையாது. மிதித்த காலை எடுத்ததும் படக்கென்று பிடிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் மேட்டில் கிளம்பும்போதும் ஜடர் அடிக்கும், அதாவது வண்டி உதறும்.

உங்கள் கியர்பாக்ஸைப் பொறுத்தவரை இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல. டி-5 இசட் ஸ்பெக்குக்கு ஃபோர்டு போட்ட அளவு 330 அடி-பவுண்டு. நீங்கள் ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்கிறீர்கள். ஒட்டும் டயரும் படக்கென்று பிடிக்கும் பிளேட்டும் சேர்ந்தால் ஃப்ளைவீலில் சுழலும் ஆற்றல் மொத்தமும் ஒரே அடியாக கியருக்குப் போகும். அந்த அடி எஞ்சினின் 420-ஐ விடப் பல மடங்கு. மூன்றாம் கியரின் பல் உதிரும், இல்லையென்றால் 28 ஸ்ப்ளைன் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். கிளட்ச் மட்டும் புத்தம் புதுசாக இருக்கும். தாங்கும் கிளட்ச் என்பது மற்ற பாகங்களையும் தாங்க விடுகிற கிளட்ச். டி-5 இருக்கும் வரை ஸ்பிரிங் ஹப் (அடியைத் தாங்க நடுவில் ஸ்பிரிங்) வைத்த, ஒரு பக்கம் ஆர்கானிக், மறுபக்கம் செராமெட்டாலிக் உள்ள பிளேட்டுக்கு மேல் போகாதீர்கள். ஸ்பிரிங் இல்லாத சாலிட் ஹப் வேண்டவே வேண்டாம். 600 அடி-பவுண்டு தாங்கும் டிரெமெக் டிகேஎக்ஸ் கியர்பாக்ஸ் போட்டபிறகு மற்றதைப் பார்க்கலாம்.

கால்மைல்:

ட்வின் டிஸ்க், அதாவது இரண்டு பிளேட் உள்ள கிளட்ச், போட்டால் மென்மையும் பிடிப்பும் சேர்ந்து வருமா?

மூணாம்கியர்:

வரும். முகம் நாலாகிவிடுவதால் அதே லோடில் ஆர்கானிக்கே சுமார் 1,380 நியூட்டன் மீட்டர் பிடிக்கும். இதைக் கிளாம்ப் லோடைக் குறைத்து மிதியை இலகுவாக்கப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். மெக்லியாட் ஆர்எஸ்டி மாதிரி தெரு ட்வின்கள் ஆர்கானிக் பிளேட்டோடு 800 குதிரைத்திறன் வரை என்று விற்கப்படுவது இந்த வழியில்தான். குறைகள் மூன்று. நடுவில் இருக்கும் மிதவைத் தகடு மெல்லியது, சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு போதாது, அது முதலில் வளையும். வளைந்தால் கிளட்ச் மிதித்தாலும் முழுசாக விடாது, முதல் கியரும் ரிவர்ஸும் கரகரக்கும். நியூட்ரலில் தகடு கடகடக்கும், அது பழுதல்ல. இரண்டு பிளேட்டின் எடையும் இன்புட் ஷாஃப்டில் தொங்குவதால் உயர் ஆர்பிஎம்மில் சின்க்ரோவுக்கு (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) வேலை கூடும், டி-5-இல் இது நன்றாகத் தெரியும். 570 நியூட்டன் மீட்டருக்கு ட்வின் கட்டாயமில்லை. டர்போவோ நைட்ரஸோ வரப்போகிறது என்றால் இப்போதே போட்டுவிடுவது லாபம்.

கேபிள்காரன்:

கிளட்ச் பிளேட்டை அழுத்தும் பிரஷர் பிளேட்டையும் மிதியையும் பற்றி யாரும் பேசவில்லை. ஃபாக்ஸ் பாடியில் கிளட்ச் கேபிள். மேலே, மிதியில் கேபிளை இழுக்கும், தானாக அட்ஜஸ்ட் ஆகும் பிளாஸ்டிக் குவாட்ரண்ட். கனமான பிரஷர் பிளேட் போட்டால் அதன் பல் தேய்ந்து நழுவும், கிளட்ச் விடாது, கியர் கரகரக்கும். உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்வார்கள். அலுமினியக் குவாட்ரண்ட், ஃபயர்வால் அட்ஜஸ்டர், கம்பெனி அளவிலான தரமான கேபிள், இந்த மூன்றையும் கிளட்சோடு சேர்த்தே வாங்குங்கள். கேபிள் சூடான ஹெடர் புகைக் குழாயைத் தொடாமல் போக வேண்டும். உறை உருகினால் மிதி நாளுக்கு நாள் கனக்கும்.

பிரஷர் பிளேட்டில் ரோட்டுக்கு ஏற்றது டயஃப்ரம், அதாவது விரல்கள் உள்ள வட்ட ஸ்பிரிங் வகை. மூன்று நெம்புகோல் உள்ள லாங் வகை டிராக்குக்கென்றே வாழ்வது. அடிப்படை அழுத்தத்தை ஸ்க்ரூ திருகிக் குறைத்து வைத்தால் கிளம்பும்போது கொஞ்சம் நழுவும். ஆர்பிஎம் ஏற ஏற நெம்புகோலின் எடைகள் மையவிலக்கு விசையால் அழுத்தத்தைக் கூட்டும். டயரும் கியர்பாக்ஸும் தப்பிக்கும். ஆனால் இதே செட்டிங்கோடு ஹைவேயில் டாப் கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், எடைகள் இன்னும் வேலை செய்யாத நேரம், டார்க் மட்டும் வந்துவிடும், கிளட்ச் ஸ்லிப் ஆகி எரியும். தினமும் ஓடும் வண்டிக்கு இதைப் போடுவதானால் ரோட்டுக்கு ஒரு செட்டிங், ஸ்ட்ரிப்புக்கு ஒரு செட்டிங் என்று மாற்ற, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் துவாரம் இருக்க வேண்டும், மாற்றும் பொறுமையும் வேண்டும்.

டயஃப்ரத்தில் கவனிக்க வேண்டியது மிதியின் ஓட்டம். தேவைக்கு மேல் உள்ளே போனால் 6,000 ஆர்பிஎம் ஷிஃப்ட்டில் விரல்கள் மையவிலக்கு விசையால் அப்படியே நின்றுவிடும், மிதி தரையிலிருந்து எழும்பாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, மிதியை முழுக்க மிதித்து, பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். சிங்கிள் பிளேட்டுக்கு ஒரு மி.மீ. இடைவெளி போதும். அதற்கு மேல் போகாமல் மிதியடியில் ஸ்டாப் போல்ட் வையுங்கள்.

டயல்கேஜ்:

நல்ல கிளட்ச் வாங்கியும் சீக்கிரம் போவதற்கு முக்கியக் காரணம் மாட்டும் விதம். ஆகவே வரிசையாகச் சொல்கிறேன்.

கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே கிராங்க்கின் எண்ட் பிளே, அதாவது முன்பின் ஆட்டம், பாருங்கள். 302 பிளாக்கில் 0.10 முதல் 0.20 மி.மீ. வரை சரி. அதிகம் இருந்தால் கனமான பிரஷர் பிளேட் த்ரஸ்ட் பேரிங்கை முடித்துவிடும். ரியர் மெயின் சீலை (கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல்) இப்போதே மாற்றுங்கள். ஒரு சொட்டு ஆயில் பட்ட ஆர்கானிக் பிளேட் கடைசி வரை ஜடர் அடிக்கும்.

ஃப்ளைவீல் வாங்கும்முன் எஞ்சின் கட்டியவரிடம் பேலன்ஸ் என்ன என்று கேளுங்கள். கம்பெனி 5.0-க்கு 50 அவுன்ஸ், 1981-க்கு முந்தைய 302-க்கு 28 அவுன்ஸ். 347 ஸ்ட்ரோக்கர் இந்த இரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம், ஃப்ளைவீலில் எடை தேவைப்படாத உள் பேலன்ஸாகவும் இருக்கலாம். தப்பாகப் போட்டால் எஞ்சின் உதறி மெயின் பேரிங் போகும். உங்கள் எடைக்கு ஸ்டீல் பில்லட் ஃப்ளைவீல்தான். அலுமினியம் லேசாக இருப்பதால் சேமிக்கும் ஆற்றல் குறைவு, கிளம்ப அதிக ஆர்பிஎம் வேண்டும், அதனால் கிளட்சில் அதிகச் சூடு. பழைய ஃப்ளைவீலே என்றால் கல் வைத்து கிரைண்ட் செய்யச் சொல்லுங்கள். லேத்தில் கடைந்தால் சுருள் கோடு விழும், அது பிளேட்டை ஒரு பக்கமாக இழுக்கும். நீலப் புள்ளிகள் கிரைண்ட் செய்தும் போகவில்லையென்றால் அந்த ஃப்ளைவீலைத் தூக்கி வையுங்கள்.

ஃப்ளைவீல் போல்ட் துளைகள் ஆயில் பக்கம் திறந்தவை. நூலில் சீலண்ட் தடவி, நட்சத்திர வரிசையில் 75 முதல் 85 அடி-பவுண்டுக்கு முடுக்குங்கள். பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிராக இரண்டு இரண்டு சுற்றாக இறக்குங்கள். ஒரு பக்கம் முழுக்க முடுக்கினால் கவர் வளைந்து கிளாம்ப் லோடு சாய்ந்துவிடும்.

அடுத்தது பெரும்பாலானோர் விட்டுவிடும் வேலை. பெல் ஹவுசிங்கை வெறுமனே மாட்டி, ஃப்ளைவீலில் டயல் கேஜ் வைத்து, நடுத்துளையின் உள்வட்டத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். மொத்த ரீடிங் 0.005 இஞ்ச், அதாவது 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் ஆஃப்செட் டவல் பின் (பெல் ஹவுசிங்கை நகர்த்தி நடுவாக்கும் முளை) போடுங்கள். 0.007, 0.014, 0.021 இஞ்ச் அளவுகளில் கிடைக்கும். ரீடிங்கில் பாதிதான் உண்மையான விலகல் என்பதால் 0.014 ரீடிங் என்றால் 0.007 பின். இந்த விலகலோடு ஓடினால் பைலட் பேரிங் (கிராங்க்கில் இன்புட் ஷாஃப்ட் நுனியைத் தாங்குவது) முதலில் போகும், பிளேட்டின் ஹப் ஸ்பிரிங்குகள் அடுத்து உடையும், டி-5-இன் இன்புட் பேரிங் கடைசியில் சத்தம் போடும். வெளியிலிருந்து வாங்கும் ஸ்டீல் பெல் ஹவுசிங்கில் இந்த அளவு இன்னும் முக்கியம்.

ஸ்ப்ளைனில் உயர்வெப்ப கிரீஸ் மெல்லியதாகத் தடவி, பிளேட்டை ஒரு முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடையுங்கள்.

மூணாம்கியர்:

ஸ்டீல் பெல் ஹவுசிங் பற்றி ஒன்று. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்ஹெச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 11.49 நொடி அல்லது அதற்குள் ஓடும் வண்டிக்கு எஸ்எஃப்ஐ என்ற பாதுகாப்புத் தர அமைப்பின் 1.1 அல்லது 1.2 முத்திரையுள்ள கிளட்சும் ஃப்ளைவீலும், எஸ்எஃப்ஐ 6.1 போன்ற சான்றுள்ள கவசமும் கட்டாயம். 11.80 ஓடும் வண்டி குளிர் காற்றில் அந்தக் கோட்டைத் தொட ரொம்ப நேரம் ஆகாது. விதி கேட்காவிட்டாலும் 6,500 ஆர்பிஎம்மில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீலை வைத்து ஓட்டாதீர்கள். அது வெடித்தால் துண்டுகள் வருவது ஓட்டுபவரின் கால் இருக்கும் இடத்துக்கு.

இரும்புத்தூள்:

மாட்டினபிறகு செட் ஆக விடுங்கள். 800 கி.மீ. டிராஃபிக் ஓட்டம், ஃபுல் த்ராட்டில் இல்லாமல். ஹைவேயில் ஒரே கியரில் ஓடிய தூரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே கிளட்ச் தேயவே இல்லை.

ஸ்ட்ரிப்பில் பர்ன் அவுட்டை (டயரைச் சூடாக்க நின்றபடி சுழற்றுவது) இரண்டாம் கியரில் செய்யுங்கள், காலைச் சட்டென்று எடுங்கள். சுழல வேண்டியது ஈர டயர், கிளட்ச் நழுவக் கூடாது. லான்ச் மட்டும் நேர் எதிர்: முதல் ஐந்தாறு மீட்டர் நழுவ விட்டுப் பிடியுங்கள், டி-5-க்கு அதுதான் உயிர். வரிசையில் காத்திருக்கும்போது மிதியில் கால் வேண்டாம், நியூட்ரலில் நிறுத்துங்கள். ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவே அரை மணி நேரம் ஆறட்டும்.

கேபிள்காரன்:

செட் ஆன பிறகு கேபிளைத் திரும்பப் பாருங்கள். பிளேட் தேயத் தேய டயஃப்ரம் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும், ஃபயர்வால் அட்ஜஸ்டர் தானாக இடம் கொடுக்காது. ஃப்ரீ பிளே, அதாவது மிதியின் வெற்று ஆட்டம், தீர்ந்தால் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும், கிளாம்ப் லோடு குறையும், நல்ல கிளட்ச் ஸ்லிப் ஆகும். 800 கி.மீ.யில் ஒரு தடவை, பிறகு ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். மேலே கொஞ்சமாவது ஆட்டம் இல்லையென்றால் அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு, நாலாம் கியரில் 60 கி.மீ. வேகத்தில் ஒரே ஒரு தடவை முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் உடனே காலை எடுத்துவிடுங்கள். கேபிள் சரியாக இருந்தும் இப்படி ஆனால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.