வாசக எதிர்வினையிலிருந்து கட்டுரைக்கு மாணவர்களைக் கொண்டுசெல்வது எப்படி?

கேள்வி:
கல்லூரி முதலாண்டு வகுப்பில் வாசக எதிர்வினை முறையில், அதாவது கதை வாசகரிடம் எழுப்பும் எண்ணங்களையும் உணர்வுகளையும் தொடக்கமாகக் கொண்டு, சிறுகதைகளைக் கற்பிக்கிறேன். மாணவர்கள் தயக்கமின்றிப் பேசினாலும், எழுதச் சொன்னால் "மனத்தைத் தொட்டது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதைக் கட்டுரையாக வளர்க்கவும், மதிப்பெண் இடவும் வழியுண்டா?

மறுமொழி 1:
1938-இலேயே வாசகரின் பங்கை வலியுறுத்திய அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட், எல்லா வாசிப்பும் சமம் என்று சொல்லவில்லை. பனுவலில் ஆதாரம் இருக்க வேண்டும் என்றார். பலரும் இதை வசதியாக மறந்துவிடுகிறோம். நான் பக்கத்தின் நடுவே கோடிட்டு, இடப்புறம் கதையின் வரியையும் வலப்புறம் அது எழுப்பிய எண்ணத்தையும் எழுதச் சொல்வேன். "கோபம் வந்தது" என்று மட்டும் எழுதியிருந்த மாணவி ஒருவர், எந்த இடத்தில் வந்தது என்று கேட்டதும் திரும்பப் படித்து, கதையில் தாய்க்கு மட்டும் பெயரே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். அதுவே அவருடைய கட்டுரையின் தொடக்கமாயிற்று.

மறுமொழி 2:
குறிப்பேடு நல்லதுதான், ஆனால் பக்கந்தோறும் கேட்டால் வாசிப்பு கணக்கெழுதுவதாகிவிடும் என்பதால், மூன்று வரிகளே போதும் என்பேன். உணர்வுக்கு மதிப்பெண் இடாதீர்கள். கலந்துரையாடலுக்குப் பின் மாணவர் தம் முதல் வாசிப்பை எங்கே, ஏன் மாற்றிக்கொண்டார் என்று விளக்கும் பத்திக்கு இடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மாற்றிக்கொள்ளவே இல்லை என்பவரை என்ன செய்வது?

மறுமொழி 2:
மாற்றுக் கருத்தை மறுத்து எழுதட்டும், அதுவும் கட்டுரையே.