2024 படங்கள்: நீங்கள் எங்கே, யாரோடு பார்த்தீர்கள்?

பாகாயம் ரசிகன்:

2025 ஆகஸ்ட் 1 சாயங்காலம் 71-வது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்ததிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. 'பார்க்கிங்' படத்துக்காக எம்.எஸ். பாஸ்கருக்குச் சிறந்த துணை நடிகர் விருது. சிறந்த தமிழ்ப் படமும் அதுதான், திரைக்கதை விருதிலும் அதற்குப் பங்கு உண்டு. அவரைப் பட்டாபியாக டிவியில் பார்த்துச் சிரித்து வளர்ந்த வீடு எங்களுடையது. செய்தியில் பேர் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாங்க.

ஆனால் அந்தப் படம் 2023 டிசம்பர் 1-இல் வந்தது. விருது வர இருபது மாதம் ஆகியிருக்கிறது. 2024 படங்களுக்கு முறை வருவதற்குள் தியேட்டரில் நமக்கு என்ன நடந்தது என்பதே மறந்துபோகும். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வசூல் கணக்கு வேண்டாம். எங்கே பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், படம் முடிந்து வெளியே வந்தபோது என்ன ஆனது என்று எழுதுங்கள். ஒரு படம் எப்படிப்பட்டது என்பதில் பாதி அந்த அரங்கத்தில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். விருதுக் குழுவில் இருப்பவர்களுக்கு அந்தப் பாதி கிடைப்பதில்லை.

முதலில் என்னுடையது.

2024 ஆகஸ்ட் 23, ஒரே வெள்ளிக்கிழமை 'வாழை'யும் 'கொட்டுக்காளி'யும் வந்தன. 'வாழை'க்குக் கூட்டம் அலைமோதியது. 'கொட்டுக்காளி'க்கு நான் போனது மறுநாள் மாலைக் காட்சி. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு பேர். அதை இயக்கிய பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் போனது. அதை நான் 2023 அக்டோபரில் செல்போனில்தான் பார்க்க முடிந்தது. அதனால் இதையாவது பெரிய திரையில் பார்த்தே ஆகணும் என்று கிளம்பினேன்.

படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ உறுமல், சேவல் சிறகடிப்பு, காற்று, அவ்வளவுதான். அந்த அமைதியில் தியேட்டர் மின்விசிறிச் சத்தம்கூடப் படத்தோடு சேர்ந்துகொண்டது. நாயகியாக வரும் அன்னா பென் ஏறக்குறைய பேசவே மாட்டார். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி அந்தப் பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறது ஒரு குடும்பமே. முடிவு எதையும் சொல்லாமல் நின்றது. விளக்கைப் போட்டும் நாங்கள் பதினான்கு பேரும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் வண்டி எடுக்கும்போது ஒரு அம்மா, அறுபதுக்கு மேல் இருக்கும், மருமகளோடு நின்றிருந்தாங்க. "தம்பி, அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?" என்று என்னைக் கேட்டாங்க. சொல்லவில்லையே அம்மா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க சின்னம்மாவ இப்படித்தான் மாட்டு வண்டில ஏத்திக்கினு போனாங்கோ. நான் சின்னப் புள்ள, வண்டிக்குப் பின்னாடியே ஓடினேன்" என்றாங்க. மருமகளுக்கே அது புதுச் செய்தி. அந்தச் சின்னம்மா திரும்பி வந்த பிறகு யாரோடும் நிமிர்ந்து பேசியதில்லையாம். இருபது நிமிஷம் அங்கேயே நின்று பேசினோம். அவங்க பேரைக்கூட நான் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நண்பனை இழுத்துக்கொண்டு போனால் படம் இல்லை. 2024 பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவில் திரையிட்ட படம் அது. இங்கே ஒரு வாரத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்தது, 'லப்பர் பந்து'. இதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதே இல்லை. தண்ணீர் இல்லாத பாலாற்றில் கல்லை ஸ்டம்பாக நட்டு கிரிக்கெட் விளையாடிய ஒவ்வொருவனும் அன்றைக்கு அரங்கத்தில் இருந்தான். விஜயகாந்த் பாட்டு ஒலித்ததும் முன்வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. அவர் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆடிக்கொண்டே ஒருத்தர் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். ஸ்வாசிகாவின் யசோதை பாத்திரத்துக்கு ஒரு தேசிய விருது வரணும், வந்தே ஆகணும்.

கடைசியாக ஆஸ்கர். நமக்கு அது 2025 மார்ச் 3, திங்கள் காலை ஐந்தரை மணி. தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையன் இந்தியாவில் காலைச் சாப்பாட்டு நேரம் என்று இந்தியில் வணக்கம் வேறு சொன்னார். 'ஃப்ளோ' ஜெயித்தபோது கத்திவிட்டேன். லாட்வியா நாட்டுக்கு அதுதான் முதல் ஆஸ்கர். ஒரு வசனம்கூட இல்லாத பூனைக் கதையை, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பிளெண்டர் மென்பொருளில் செய்திருக்கிறார்கள். பிறகு ராணிப்பேட்டை கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். மீதியைச் சாயங்காலம் திரும்பும்போதுதான் பார்த்தேன். 'அனோரா'வுக்காக ஷான் பேக்கர் ஒரே இரவில் நான்கு விருது வாங்கினார். படம், இயக்கம், திரைக்கதை, படத்தொகுப்பு. இயக்குநர் விருதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. தியேட்டரைப் பற்றிப் பேசினார். நாம் சினிமாமேல் ஆசைப்பட்டதே தியேட்டரில்தான், அது இப்போது ஆபத்தில் இருக்கிறது, கொரோனா காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான திரைகள் போய்விட்டன என்றார்.

அதைக் காதில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பஸ் வேலூருக்குள் வந்தது. நேஷனல் தியேட்டர் ஸ்டாப்பில் நாலு பேர், ராஜா தியேட்டர் ஸ்டாப்பில் ரெண்டு பேர் இறங்கினார்கள். தினமும் கேட்கிற பேர்தான். அன்றைக்கு மட்டும் நெஞ்சில் ஏதோ அடைத்தது.

சரி, உங்களுடையதை எழுதுங்கள்.

காந்திநகர் சிஸ்டர்:

அண்ணா, நான் நர்ஸ். இதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என்னோடது 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்'. பாயல் கபாடியா அந்தப் படத்துக்கு 2024 கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கினாங்க. அங்கே போட்டிப் பிரிவுக்கு முப்பது வருஷம் கழித்துப் போன இந்தியப் படம் அது. நம்ம நாடு ஆஸ்கருக்கு அதை அனுப்பாமல் 'லாபதா லேடீஸ்' அனுப்பியது. அது பதினைந்து படப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. 'லாபதா லேடீஸ்' எனக்கும் பிடிக்கும், ஆனால் அனுப்பியிருக்க வேண்டியது மற்றதைத்தான்.

ஜனவரியில் ஹாட்ஸ்டாரில் வந்ததும், நைட் டூட்டி முடிந்து வந்த ஒரு காலையில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு ரூமில் மூன்று பேர் லேப்டாப்பில் பார்த்தோம். நான் திருப்பத்தூர், மற்ற இரண்டு பேரும் மலையாளிகள். மும்பை மருத்துவமனையில் வேலை செய்கிற மலையாளி நர்சுகள் கதை. நம்ம ஊரில் எத்தனை பேர் இப்படி ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறோம், எங்களை யார் படமாக எடுத்தார்கள்? பேஷண்ட்டிடம் பேசுகிற குரல், டூட்டி முடிந்து துணி மாற்றும்போது வருகிற களைப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. நர்ஸ் என்றால் ஊசியோடு வந்து ஹீரோவைப் பார்த்து வெட்கப்படுகிற ஆள் இல்லை என்பதைப் பார்க்கவே எனக்கு ஆறுதலாக இருந்தது.

கனி குஸ்ருதி நடித்த நர்ஸ் பிரபாவுக்கு, ஜெர்மனியில் இருக்கும் புருஷனிடமிருந்து ஒரு ரைஸ் குக்கர் வரும். கடிதம் இல்லை, போன் இல்லை, குக்கர் மட்டும். ஒரு ராத்திரி பிரபா தனியாக உட்கார்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள். அந்த இடத்தில் எங்க சேச்சி எழுந்து வராந்தாவுக்குப் போயிட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். நாங்கள் படத்தை நிறுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிஷம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "ஆ சீன் ஒன்னுகூடி இடு" என்றாங்க. திரும்பப் போட்டோம். இரண்டாவது தடவை கண்ணெடுக்காமல் பார்த்தாங்க.

கனி குஸ்ருதிக்கு உலகத்தில் எந்த விருது கொடுத்தாலும் எனக்குப் போதாது.

சத்துவாச்சாரி:

'பார்க்கிங்' பற்றி ஒரு வார்த்தை. வாடகை வீட்டில் மேல் மாடியில் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். கீழ் வீட்டுக்காரரோடு ஸ்கூட்டர் நிறுத்துவதில் அப்போது ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. படம் பார்த்துவிட்டு வந்து வண்டியை ஓரமாகத் தள்ளி வைத்தேன். மறுநாள் காலையில் அவர் வீட்டம்மா ஒரு தட்டில் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். அவரும் படம் பார்த்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

எம்.எஸ். பாஸ்கர் அந்தப் படத்தில் துணை நடிகர் இல்லை. ஹரிஷ் கல்யாணுக்கு எவ்வளவோ அவ்வளவு அவருக்கும் உண்டு. வயசானவர் என்பதால் துணை என்று எழுதிவிடுகிறார்கள். விருது கிடைத்தது சந்தோஷம், அதன் பேர்தான் தப்பு.

பாகாயம் ரசிகன்:

சத்துவாச்சாரி அண்ணன் சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். சிஸ்டர், உங்க சேச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

ஆற்காட்டிலிருந்து:

'மெய்யழகன்' வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு பார்த்தேன். அந்த ராத்திரிப் பேச்சு நீண்டுகொண்டே போனது, எனக்கு அதுதான் படம். கார்த்தியும் அரவிந்த் சுவாமியும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, நாம் தூக்கம் வராமல் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிப்போனேன். இடைவேளையில் மக்கன் பேடா சாப்பிட்டுக்கொண்டே, "இன்னும் ஒரு பேச்சு வரும் பாரும்மா" என்று சொல்லி வைத்தேன். வரவில்லை. படம் நீளம் என்று பலர் சொன்னதால் 18 நிமிடத்துக்குமேல் வெட்டியிருந்தார்கள். இயக்குநர் பிரேம்குமார் தானே வெட்டியதுதான், அவர் நிலைமை புரிகிறது. ஆனால் நான் அம்மாவுக்காகச் சேர்த்து வைத்திருந்தது அந்த இடத்தில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, அதில் என்ன பேசினார்கள் என்று எனக்கு ஞாபகம் இருந்ததை நானே அம்மாவுக்குச் சொன்னேன். அரைமணி நேரம் ஆனது. அம்மா தூங்காமல் கேட்டாங்க.

குடியாத்தத்தான்:

எல்லாரும் எழுதிய பிறகு வருகிறேன். 'தங்கலான்' பேரை ஒருத்தரும் எடுக்கவில்லையே!

வடஆற்காட்டு வேப்பூர் என்றுதான் அந்தக் கதையே தொடங்குகிறது. 1850. அங்கிருந்து கோலாருக்குத் தங்கம் தோண்டப் போகிறார்கள். எங்க வீட்டுக்கு இது படமே இல்லை, குடும்பக் கதை. எங்க தாத்தா தங்கவயல் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நைனா பிறந்தது அங்கே ஒரு லைன் வீட்டில். தாத்தா இருமி இருமியே செத்தார். கல் தூசு நெஞ்சில் ஏறினால் இறங்காது என்று நைனா சொல்வார். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடியபோது எங்க சித்தப்பா ஒருத்தர் வேலை இழந்து இங்கே வந்து லுங்கித் தறியில் உட்கார்ந்தார்.

2024 ஆகஸ்ட் 15 முதல் காட்சிக்குத் தனியாகப் போனேன். நைனா வரமாட்டேன் என்றுவிட்டார், "பார்த்ததையே எதுக்குப் பார்க்கணும்" என்றார். அரங்கத்தில் பக்கத்து சீட்டுப் பையன்கள் பேச்சு புரியவில்லை என்று முணுமுணுத்தார்கள். எனக்கு ஒரு சொல் தவறவில்லை, எங்க ஆயா பேசின பேச்சு அது. பிற்பாதியில் மாயமும் ஆவியுமாக அலைந்து எங்கேயோ போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது வருத்தம்தான். ஆனால் விக்ரமும் பார்வதியும் அந்த மண்ணில் நின்ற விதத்துக்கு ஒரு விருதும் வராமல் போனால் அது எங்களுக்கும் சேர்த்து நடக்கிற அநியாயம் என்றுதான் நினைப்பேன்.

டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வந்தது. பேரன் டிவியில் போட்டுவிட்டான், நைனாவும் கட்டிலில் குந்திக்கொண்டு பார்த்தார். தங்கலான் ஊருக்குத் திரும்பி வந்து பெண்களுக்கு ரவிக்கை கொடுப்பான் இல்லையா, அவர்கள் முதன்முதலாக உடம்பில் போட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பார்களே, அங்கே "நிறுத்துடா" என்றார். நிறுத்தினோம். "எங்க ஆயா கடைசி வரைக்கும் ரவிக்கை போடல. நாங்கல்லாம் அவ மாட்டேன்னு சொல்லிட்டான்னு நினைச்சுக்கினு இருந்தோம்" என்றார். எழுபத்தாறு வயசில் அதை முதல் தடவை எங்களிடம் சொல்கிறார்.

பொங்கல் கழித்து, தங்கவயல் போகணும் என்று அவரே கேட்டார். குடியாத்தத்தில் ரயில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் வண்டி மாறிப் போனோம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகள் வெளுத்துப்போய் மலை மாதிரி நிற்கின்றன. அவர் பிறந்த லைனைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அந்த வீட்டில் இப்போது இருக்கிற அம்மா தமிழ்தான். எந்த ஊரு என்று கேட்டாங்க, குடியாத்தம் என்றதும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து காபி கொடுத்தாங்க. அவங்க தாத்தா பேரணாம்பட்டுப் பக்கமாம். 'தங்கலான்' பார்த்தீங்களா என்று நைனா கேட்டார். இரண்டு தடவை பார்த்தேன் என்றாங்க. பிறகு இரண்டு பேரும் சுரங்கச் சங்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஊதும் என்று ஒருத்தருக்கொருத்தர் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

திரும்பும்போது ரயிலில் போனை வாங்கி அந்த ரவிக்கைக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னார். குப்பம் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. பச்சைக்குப்பத்தில் வந்தது. அதுவரை போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் காத்திருந்தார்.