பழைய டாஸ் விளையாட்டுகள்: முதன்முறை நிறுவுபவருக்கு டாஸ்பாக்ஸை எளிதாக்க என்ன வழி?

கேள்வி: நூலகத்தோழன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் வார இறுதிக் கணினி வகுப்பு நடத்தும் தன்னார்வலர்களுள் நானும் ஒருவன். தொண்ணூறுகளில் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் டேஞ்சரஸ் டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா போன்றவற்றை ஆடிய பெற்றோர் சிலர், அவற்றைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறார்கள். அவர்களே வீட்டிலும் நிறுவிக்கொள்ளும் வகையில் ஒரு தமிழ் வழிகாட்டியும், முடிந்தால் சிறிய துணைநிரல் ஒன்றும் உருவாக்க எண்ணியிருக்கிறேன்.

டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலின் 0.74-3 பதிப்பை நிறுவுவதில் எவருக்கும் சிரமம் இல்லை. அதன்பின் தோன்றும் கறுப்புத் திரைதான் அவர்களை நிறுத்திவிடுகிறது. அங்கே இசட் இயக்ககம் மட்டுமே இருக்கிறது. சி என்று தட்டினால், அப்படியோர் இயக்ககம் இல்லை, முதலில் அதை மவுண்ட் செய்ய (ஒரு கோப்புறையை இயக்ககமாக இணைக்க) வேண்டும் என்று ஆங்கிலத்தில் பதில் வருகிறது. விளையாட்டு இருக்கும் கோப்புறையின் முழுப் பாதையைத் தட்டச்சு செய்து இணைத்த பிறகும், பெரிய திரையின் நடுவில் அஞ்சலட்டை அளவில் ஒரு சாளரம், அளவுக்கு மீறிய வேகம் அல்லது மந்தம், எந்த ஒலி அட்டை என்று கேட்கும் பட்டியல் என்று ஒவ்வொன்றாக வருகின்றன. ஆர்வத்தோடு வந்தவர்கள் விளையாட்டின் முதல் காட்சியைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறார்கள்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் டாஸ்பாக்ஸை இயக்க உதவும், டி-ஃபெண்ட் ரீலோடட் போன்ற முகப்பு நிரல்கள் முன்பு இருந்தன. அது பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படவில்லை. விரிவான வழிகாட்டி எழுதுவதா, புதிய முகப்பு நிரல் ஒன்றை எழுதுவதா, அல்லது வேறு வழி உண்டா என்பதில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1: எண்பத்தாறு

நண்பருக்கு வணக்கம். புதிய முகப்பு நிரல் எழுதும் உழைப்பைத் தொடங்குவதற்கு முன், சிக்கல் எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. டாஸ்பாக்ஸில் அமைப்புகள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் புதியவரை வருத்துவது அவற்றின் எண்ணிக்கை அன்று. ஒரு விளையாட்டுக்கு என்ன தேவை என்பதை அந்த விளையாட்டை இன்னும் பார்த்திராத ஒருவரிடம் போய்க் கேட்கிறோமே, அதுதான். அந்த விவரம் விளையாட்டின் கோப்புறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

0.74 வரிசையில் இயல்பாக இருப்பது ஒரே ஒரு பொது அமைப்புக் கோப்பு. விண்டோஸில் அது பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா என்ற இடத்தில் இருக்கிறது. அந்தக் கோப்புறை இயல்பாகவே கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டிருக்கும். ஒரு விளையாட்டுக்காக அதில் செய்யும் மாற்றம் மற்ற எல்லாவற்றையும் பாதிக்கும். நேற்று நன்றாக ஓடிய ஒன்று இன்று ஓடவில்லை என்று புதியவர்கள் முறையிடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதற்குத் தீர்வு ஏற்கெனவே நிரலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டின் கோப்புறையிலும் அதற்குரிய சிறிய அமைப்புக் கோப்பு ஒன்றை வைத்து, அதைக் குறிப்பிட்டு டாஸ்பாக்ஸைத் தொடங்கும் ஒருவரி பேட்ச் கோப்பையும் (கட்டளைகளை ஓட்டும் சிறிய உரைக் கோப்பு) அருகில் வைத்துவிடுங்கள். அமைப்புக் கோப்பின் இறுதியில் ஆட்டோஎக்ஸெக் என்ற பகுதி உண்டு. நாம் கையால் தட்டச்சு செய்யும் கட்டளைகளை அங்கே எழுதிவிடலாம். மவுண்ட் கட்டளையில் முழுப் பாதைக்குப் பதிலாக ஒற்றைப் புள்ளியை இட்டால் அப்போதைய கோப்புறையே சி இயக்ககமாகிவிடும். பாதை எதுவும் எழுதப்படாததால் அந்தக் கோப்புறையைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வேறொரு கணினியில் வைத்தாலும் வேலை செய்யும். டாஸ்பாக்ஸ் நிரலையும் பக்கத்துக் கோப்புறையில் வைத்துவிட்டால் நிறுவும் வேலையே மிஞ்சாது. 2008-இல் தொடங்கிய ஜிஓஜி தளம் பழைய டாஸ் விளையாட்டுகளை விற்பது ஏறத்தாழ இந்த முறையில்தான். டாஸ்பாக்ஸும் அந்தந்த விளையாட்டுக்கு உரிய அமைப்புக் கோப்பும் சேர்ந்தே வருகின்றன. அங்கே வாங்குபவர் மவுண்ட் என்ற சொல்லைக் கேள்விப்படாமலேயே ஆடி முடிக்கிறார்.

அமைப்புக் கோப்பில் முக்கியமாக எழுத வேண்டியது வேகம். சைக்கிள்ஸ் என்பது ஒரு மில்லி விநாடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றுவது என்ற எண். 0.74-இன் தானியங்கி முறை, ரியல் மோடு எனும் பழைய செயலி முறையில் ஓடும் விளையாட்டுகளுக்கு 3000 என்று வைத்துக்கொள்கிறது. புரொடெக்டட் மோடு எனும் பிந்தைய முறைக்கு மாறியதும் கணினி தாங்கும் உச்சத்துக்குச் செல்கிறது. 1989-இல் வெளிவந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு 3000 போதும். ஆனால் தொண்ணூறுகளின் முற்பகுதியில் ரியல் மோடிலேயே எழுதப்பட்ட கனமான விளையாட்டுகள் அந்த வேகத்தில் திணறும். வேறு சில விளையாட்டுகள் கணினியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. உச்ச வேகம் கொடுத்தால் அவற்றை ஆடவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் எண்ணை நீங்கள் ஒருமுறை ஆடிப் பார்த்துக் கண்டறிந்து எழுதி வைத்துவிட்டால், அடுத்து வரும் ஒருவரும் அதைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. ஒலி அட்டையும் அப்படித்தான்: டாஸ்பாக்ஸ் இயல்பாகக் காட்டுவது சவுண்ட் பிளாஸ்டர் 16, முகவரி 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1. விளையாட்டின் செட்டப் நிரலை நீங்களே ஓட்டி இந்த மதிப்புகளைத் தேர்ந்து சேமித்துவிட்டால், அது உருவாக்கும் கோப்பு அந்தக் கோப்புறையிலேயே தங்கிவிடும்.

சிறிய சாளரத்துக்குக் காரணம், 0.74 இயல்பாகப் பயன்படுத்தும் சர்ஃபேஸ் என்ற வெளியீட்டு முறை. அதை ஓபன்ஜிஎல் என்று மாற்றினால் சாளர அளவைக் குறிப்பிட முடியும். கூடவே ஆஸ்பெக்ட் என்பதை இயக்கிவிடுங்கள். 320×200 படம் அன்றைய 4:3 திரைக்காக வரையப்பட்டது, இல்லையென்றால் எல்லாரும் குட்டையாகத் தெரிவார்கள். உங்களால் முடியுமானால் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற கிளைப் பதிப்புக்கே மாறிவிடுங்கள் என்பேன். அதில் இந்த விகிதம் இயல்பாகவே சரியாக இருக்கும். தொடங்கும் கோப்புறையில் ஓர் அமைப்புக் கோப்பு இருந்தால் அதைப் பொது அமைப்பின் மேல் தானாகவே சேர்த்துக்கொள்ளும். டிரைவ்ஸ் என்ற கோப்புறைக்குள் சி என்று இன்னொன்றை வைத்தால் அதையே சி இயக்ககமாக எடுத்துக்கொள்ளும்.

மறுமொழி 2: வழிகாட்டிப்பலகை

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: சுட்டியால் ஆடும் பழைய சாகசக் கதை விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸையே தொடாதீர்கள்.

2001-இல் தொடங்கிய ஸ்கம்விஎம் அந்தப் பழைய கணினியைப் போலச் செய்து காட்டுவதில்லை. விளையாட்டை இயக்கிய மூல நிரலின் வேலையை மட்டும் புதிதாக எழுதி, நம்மிடமுள்ள தரவுக் கோப்புகளைப் படித்துக்கொள்கிறது. ஆகவே வேகம், ஒலி அட்டை, நினைவக வகை என்ற கேள்விகள் எழுவதே இல்லை. விளையாட்டைச் சேர்க்கும் பொத்தானை அழுத்திக் கோப்புறையைக் காட்டினால், அதிலுள்ள கோப்புகளை ஒப்பிட்டு, இது இன்ன விளையாட்டின் இன்ன பதிப்பு என்று தானே சொல்லிவிடுகிறது. சேமித்த ஆட்டங்களும் ஓரிடத்தில் சேர்கின்றன. எந்த விளையாட்டானாலும் கண்ட்ரோலும் எஃப்5-உம் அழுத்தினால் ஒரே பொதுப் பட்டியல் வருகிறது. முகப்பு நிரல் எழுதும் எவரும் பின்பற்ற வேண்டிய முன்மாதிரியாக நான் இதைத்தான் கருதுகிறேன். பயனரிடம் கோப்புறை எங்கே என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறது. எஞ்சியதைத் தானே பார்த்துக்கொள்கிறது.

நூலகத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பினீத் எ ஸ்டீல் ஸ்கை 2003-இலும், ஃப்ளைட் ஆஃப் தி அமேசான் குயின் 2004-இலும் இலவசமாக வழங்கப்பட்டுவிட்டன. இரண்டும் ஸ்கம்விஎம் தளத்திலேயே கிடைக்கின்றன. பொது இடத்தில் உரிமைச் சிக்கலின்றி வைக்க ஏற்றவை. டாஸ்பாக்ஸ் பக்கம் வேண்டுமானால், டூமின் முதல் அத்தியாயம், கமாண்டர் கீனின் முதல் பகுதி போன்றவை ஷேர்வேராக, அதாவது இலவசமாகப் பகிரும் மாதிரிப் பகுதியாக, வெளியிடப்பட்டவை. வந்த கோப்புகளை மாற்றாமல் அப்படியே பகிரலாம். டேவையும் பிரின்ஸையும் இணையத்தில் எங்கோ கிடைக்கிறது என்பதற்காக நூலகக் கணினியில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போய் ஆட விரும்புபவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவைச் சொல்லலாம். 2015 முதல் அவர்கள் டாஸ்பாக்ஸை உலாவிக்குள்ளேயே ஓட விட்டிருக்கிறார்கள். சுவை பார்க்க அது போதும். தொடர்ந்து ஆட அன்று, ஏனென்றால் தாவலை மூடினால் பொதுவாக ஆட்டமும் போய்விடுகிறது.

மறுமொழி 3: கரும்பலகை

இருவரும் சொன்னவற்றின் பயனை மறுக்கவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் மறைத்துவிடுவது கற்பிக்கும் இடத்துக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். ஆட்டோஎக்ஸெக் பகுதியின் கடைசியில் எக்ஸிட் என்று எழுதுவது வழக்கம். விளையாட்டு முடிந்ததும் சாளரம் மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஒரு கோப்பு குறைந்து விளையாட்டு தொடங்காமற்போனால் அதே வரி, பிழைச் செய்தியைப் படிக்கும் முன்பே சாளரத்தை மூடிவிடும். எதிரில் இருப்பவருக்குத் தெரிவது ஒரு கணம் மின்னி மறைந்த கறுப்புப் பெட்டி மட்டுமே. எக்ஸிட் வரிக்கு முன் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும் பாஸ் (pause) என்ற கட்டளையைச் சேருங்கள். ஒரு விசையைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கும். ஆனால் என்ன நடந்தது என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கும்.

தமிழ் பற்றியும் சொல்ல வேண்டும். டாஸ்பாக்ஸின் செய்திகளை மொழிக் கோப்பு வழியாக மாற்ற முடியும் என்பதால், அவற்றைத் தமிழாக்கிவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். அது இயலாது. டாஸின் எழுத்துத் திரை ஒரு நேரத்தில் 256 வடிவங்களை மட்டும், சம அகலமுள்ள கட்டங்களில், ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறது. எழுத்தின் இருபுறமும் குறிகள் வந்து சேரும், அகலமும் மாறுபடும் நம் எழுத்து முறைக்கு அதில் இடமில்லை. எனவே தமிழ் விளக்கம் டாஸ்பாக்ஸுக்கு வெளியே இருந்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காக நண்பர் ஒரு சிறிய தமிழ் முகப்பு எழுதினால் நான் வரவேற்பேன்; விளையாட்டுகளின் பெயர்களைத் தமிழில் காட்டி, தேர்ந்தெடுத்ததும் அந்தப் பேட்ச் கோப்பை ஓட்டினால் போதும். ஆனால் கோப்புறைகளின் பெயர்களை ஆங்கில எழுத்திலேயே, எட்டு எழுத்துக்குள், இடைவெளியின்றி வையுங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புறைகளை 0.74 சரியாகக் கையாள்வதில்லை.

முகப்பு இல்லாவிட்டாலும், திரையின் பக்கத்தில் ஒட்டிவைக்க ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். சுட்டி சாளரத்துக்குள் சிக்கிக்கொண்டால் கண்ட்ரோலும் எஃப்10-உம், வேகத்தைக் குறைக்கக் கண்ட்ரோலும் எஃப்11-உம், கூட்டக் கண்ட்ரோலும் எஃப்12-உம், முழுத் திரைக்கு ஆல்ட்டும் என்டரும். மடிக்கணினிகள் பலவற்றில் எஃப் விசைகளோடு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பதை அதே அட்டையில் எழுதுங்கள். சுட்டி சிக்கிக்கொண்டதைக் கணினியே பழுதாகிவிட்டது என்று எண்ணி மின்னிணைப்பைப் பிடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

சொந்தப் பிரதி வைத்திருந்து வீட்டில் நிறுவுபவர்களுக்கும் ஒரு சொல். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் முதல் நிலை முடிந்ததும் பல பானக் குடுவைகள் இருக்கும் அறை வரும். கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்திலுள்ள ஒரு சொல்லின் முதலெழுத்தைக் கேட்கும். அது நகலெடுப்பைத் தடுக்க அன்று வைத்த பூட்டு. டாஸ்பாக்ஸின் கோளாறு அன்று. இத்தகைய செய்திகளை விளையாட்டின் பெயருக்குக் கீழேயே எழுதிவிட்டால் பாதிக் கேள்விகள் எழாது.

நூலகத்தோழன்

மூவருக்கும் என் நன்றி. பெரிய முகப்பு நிரல் என்ற எண்ணத்தை விட்டுவிடுகிறேன். ஸ்கம்விஎம்மில் இரண்டு இலவச விளையாட்டுகள், ஸ்டேஜிங் பதிப்பில் ஷேர்வேர் விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை, தமிழில் ஒரு தேர்வுப் பட்டியல், கூடவே அந்த அட்டை என்று தொடங்குகிறேன். இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. நூலகக் கணினிகளில் பயனர் கணக்குக்கு நிர்வாக உரிமை இல்லை, அது தடையாகுமா? வாசகர் ஒருவர் தாம் வாங்கிய பழைய சிடி விளையாட்டைக் கொண்டுவந்தால் அதையும் இதே முறையில் அமைக்க முடியுமா?

எண்பத்தாறு

உரிமை இல்லாதது தடையன்று. புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் மட்டும் எதையும் வைக்காதீர்கள். பெரும்பாலான டாஸ் விளையாட்டுகள் சேமித்த ஆட்டத்தைத் தம் கோப்புறையிலேயே எழுதும். அங்கே எழுத அனுமதி இல்லையென்றால், ஆடி முடித்து மறுநாள் வந்த பிள்ளை தன் ஆட்டத்தைக் காணாமல் ஏமாறும். பயனரின் ஆவணக் கோப்புறையே சரியான இடம்.

சிடியைப் பொறுத்தவரை, அதை ஒருமுறை படிமக் கோப்பாக (சிடியின் நகலான கோப்பாக) மாற்றி விளையாட்டின் கோப்புறைக்குள் வைத்து, ஐஎம்ஜிமவுண்ட் (imgmount) கட்டளையை ஆட்டோஎக்ஸெக் பகுதியில் சேர்க்கலாம். படிமம் எடுக்கும்போது ஐஎஸ்ஓ வகையைத் தேர்ந்தெடுக்காமல் கியூ (cue), பின் (bin) என்ற இணைக் கோப்புகளாக எடுங்கள். அக்கால விளையாட்டுகள் பலவற்றின் இசை சிடியில் தனி ஒலித் தடங்களாக இருக்கிறது. ஐஎஸ்ஓ கோப்பில் அத்தடங்கள் வருவதில்லை, விளையாட்டு ஓடும், இசை மட்டும் ஒலிக்காது. கட்டளையில் பின் கோப்பைக் காட்டாமல் கியூ கோப்பைக் காட்ட வேண்டும். கியூ கோப்பைக் குறிப்பேட்டில் திறந்து, அதற்குள் பின் கோப்பின் பெயர் மட்டும் இருக்கிறதா, பழைய கணினியின் முழுப் பாதை ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாதை இருந்தால் அதை நீக்கிப் பெயரை மட்டும் விட்டுவிட வேண்டும்.