அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு: கொரியாவில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். ஆறு வருடமாகச் சுவோன் நகரத்தில் இருக்கிறேன். சுசொக் (இங்கே அறுவடைத் திருநாள்) விடுமுறைக்கு அப்பாவும் அம்மாவும் முதல் தடவையாக வருகிறார்கள். அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். சிக்கலே அங்கேதான்.

கறித்துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று நினைக்கிற ஊர் இது. தொயென்ஜாங் ஜிகே என்கிற சோயா விழுதுக் குழம்பில் பெரும்பாலும் நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீர்தான். புளிக்கவைத்த காய்கறி ஊறுகாயான கிம்ச்சியில் மீன் சாறு, உப்பிட்ட இறால். முதல் வருடம் நானே தெரியாமல் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். (அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.) சோற்றில் காய்கறியும் மிளகாய் விழுதும் போட்டுக் கிளறுகிற பிபிம்பாப்பில் முட்டையும் மாட்டிறைச்சியும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், ஆனால் சில கடைகளில் அந்த மிளகாய் விழுதையே இறைச்சி போட்டு வதக்கிவிடுகிறார்கள். பௌத்த மடத்துச் சாப்பாட்டில் மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை என்பதால் அதுதான் நிம்மதி. சியோலில் இன்சாதோங் பக்கம் கையைக் கடிக்காத விலையில் அப்படி ஒரு கடை தெரியுமா? சுசொக் அன்றும் திறந்திருக்க வேண்டும்.

அப்புறம், ஹன்போக் என்கிற கொரியப் பாரம்பரிய உடை. அதை உடுத்திப் போனால் கியோங்போக்குங் அரண்மனையில் நுழைவுக் கட்டணம் இல்லை என்றதும் அப்பா குஷியாகிவிட்டார். அவருடைய தொப்பைக்குப் பொருந்துகிற அளவில் வாடகைக்குக் கிடைக்குமா? “பட்டுப்புடவை கட்டி வந்தால் விடமாட்டார்களா?” என்பது அம்மாவின் கேள்வி.

பண்டிகை நேரத்துக் கேடிஎக்ஸ் அதிவேக ரயில் டிக்கெட் எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. புசான் நகரத்துக்கு வேறு எப்படிப் போனீர்கள் என்றும் சொல்லுங்கள்.